அறுநூறு சாண்

இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு, இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது என்று ஏறிவந்த எண், முந்நூற்றைத் தொடாமல் மறுபடி சைபரிலிருந்து எண்ணத் தொடங்கியபோது, இடையில் கண்ணை மூடித் திறந்திருப்போம் என்றுதான் தவுபிக் முதலில் நினைத்தான்.

திரையில் இருபத்து நான்கு வரிகள் இருந்தன. ஏழாயிரம்பண்ணைக்கு மேற்கே, சீமைக்கருவேலங் காட்டுக்கும் தரிசாகக் கிடந்த கரிசல் நிலத்துக்கும் நடுவே இருந்த அந்தப் பட்டாசு ஆலையில் அறைகளும் இருபத்து நான்கு. ஒவ்வோர் அறையின் சுவரிலும் தவுபிக் பொருத்திய ஒரு கடிகாரப் பெட்டி. ஒரு பெட்டிக்குத் திரையில் ஒரு வரி. வரியின் கடைசியில் ஓடும் எண், அந்த அறையின் கடிகாரம் கடைசியாகப் பேசி எத்தனை விநாடி ஆயிற்று என்பதைச் சொல்லும். மற்ற இருபத்து மூன்று கடிகாரங்களும், ஆலையை மூடி முத்திரை வைத்தது தெரியாமல், தங்கள் பேட்டரிகளின் தயவில் விநாடிக்கு ஒரு முறை பேசிக்கொண்டிருந்தன. பதினேழு பேசக் கூடாது. பதினேழாம் அறை என்ற ஒன்றே இப்போது இல்லை. ஒன்பது நாளுக்கு முன்னால் அது வெடித்து, கூரை வேலிக்கு அப்பால் போய் விழுந்து, தரை மட்டும் கறுத்துக் கிடந்தது. அந்த வரியில் ஏழு லட்சத்துக்கு மேல் ஓர் எண் இருந்திருக்க வேண்டும்.

நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று அது போய்க்கொண்டிருந்தது.

மணி ஐந்தரை ஆகியிருந்தது. ஆலை அலுவலகத்தின் ஒரே ஜன்னல் வழியாக, நனைந்த சாம்பலும் கந்தகமும் வேப்பம்பழமும் கலந்த வாடை வந்தது. பட்டாசு அறைகளுக்கு மின்சாரம் கிடையாது. வெளிச்சம் இருக்கும்வரைதான் வேலை. அதனால் சூரியன் சாய்ந்ததும் இந்த நிலம் முழுவதும் ஒரே நேரத்தில் இருட்டிவிடும். அலுவலகத்து ஒற்றைப் பல்பு மட்டும் எரியும். காவலாளி பெத்தணன் அரை மணி நேரத்துக்கு முன்பே வந்து எட்டிப் பார்த்து, சாப்பிட்டானா என்று விசாரித்துவிட்டு, வாசலைத் தாண்டி உள்ளே வராமலே பேசினார். அந்த விபத்துக்குப் பிறகு அவர் அந்தி நேரத்தில் இங்கே இருப்பதில்லை.

“நீங்க பாத்துக்கிட்டு இருங்க தம்பி. ரோட்டுக் கடையில ஒரு டீயக் குடிச்சிட்டு ஏழு மணிக்கெல்லாம் வந்துருதேன். கேட்ட வெளிய பூட்டிட்டுத்தான் போவேன், இல்லேன்னா கேமராவத் தூக்கிக்கிட்டு எவனாவது நுழைஞ்சிருவான்.”

தவுபிக்கின் கைபேசி கேட்டில், காவலாளியின் மரப்பெட்டிக்குள் கிடந்தது. எந்தப் பட்டாசு ஆலையிலும் கைபேசியோடு உள்ளே விடமாட்டார்கள். அது இருந்தாலும் அவனைக் கூப்பிட ஆள் இல்லை. விருதுநகரில் அக்கா வீட்டில் இருக்கும் அம்மா வெள்ளிக்கிழமை மட்டும் பேசுவாள். சாத்தூரில் அவன் குடியிருக்கும் மாடி அறையில் அவன் பேசுவதைக் கேட்க ஒரு மின்விசிறிதான் உண்டு.

யாராவது கேட்டிருந்தால் அவன் நிறையச் சொல்லியிருப்பான். இருபத்து நான்கு கடிகாரங்களை ஒரே நேரம் காட்ட வைப்பது அப்படியொரு அழகான வேலை. ஓர் அறை வெடித்தால் அடுத்த அறையும் வெடிக்கலாம். எது முதலில் என்பது அரை விநாடியில் தீர்மானமாகும். அதை விசாரணையில் சொல்ல வேண்டுமானால் எல்லாச் சுவரிலும் ஒரே நேரம் ஓட வேண்டும். ஆனால் எந்தக் கடிகாரமும் தானாகச் சரியாக ஓடாது. ஒன்று வெயிலில் முந்தும், ஒன்று நிழலில் பிந்தும். அதனால் அலுவலகத்தில் ஒரு தலைமைக் கடிகாரம். அது வானத்துச் செயற்கைக்கோள்களிடம் நேரத்தைக் கேட்டு, மற்றவற்றுக்கு விநாடிதோறும் சொல்லும். சொல்கிற நேரமும் வழியில் கொஞ்சம் தாமதமாகும் அல்லவா? அந்தத் தாமதத்தையும் அது அளக்கும். இருட்டில் ஒரு வயலின் இரு கரைகளில் இரண்டு பேர் நிற்பதாக வைத்துக்கொள்ளலாம். ஒருவர் ஓய் என்று குரல் கொடுக்கிறார், மற்றவர் ஓய் என்கிறார். போய்த் திரும்பிய நேரத்தில் பாதி, வயலின் அகலம். கடிகாரங்களும் அப்படித்தான். கம்பியில் மின்சாரம் ஓடினால் ஆபத்து என்பதால் அறைகளுக்குக் கண்ணாடி இழை போட்டிருந்தான். குரலுக்குப் பதில் அதில் வெளிச்சம் ஓடியது. ஒரு விநாடியை நூறு கோடியாகப் பங்கு போட்டால், அதில் ஒரு பங்கு நேரத்தில் கண்ணாடிக்குள் வெளிச்சம் இருபது சென்டிமீட்டர் போகும். ஆகவே தாமதத்தைப் பார்த்தாலே தூரம் தெரிந்துவிடும்.

இதையெல்லாம் ஒரே ஒரு ஆள் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். பதினேழாம் அறையில் மருந்து அடைத்துக்கொண்டிருந்த செல்வலட்சுமி. அலுமினியப் பவுடர் ஏறி, மணிக்கட்டு வரைக்கும் வெள்ளி பூசினதுபோல இருந்த கையோடு, போன மாதம் ஒரு மதியம் சாப்பாட்டு வாளியுடன் வந்து, கூட வந்த மற்றப் பெண்கள் வாசலில் நிற்க, அவள் மட்டும் உள்ளே வந்தாள். அவர்கள் வந்தது சைரனைப் பற்றிப் பேச.

இழை அறுந்தால் சைரன் அடிக்கும். அதுதான் இந்த ஏற்பாட்டில் தவுபிக் தானாகச் சேர்த்தது, முதலாளியிடம் பெருமையாகச் சொன்னது. ஒவ்வோர் அறையிலும் இழை பின்சுவரின் அடிப்பக்கம் ஓடுகிறது. எங்கேயாவது மருந்து புகையத் தொடங்கினால் மனிதர்கள் பார்ப்பதற்கு முன் இழை உருகும். கடிகாரம் பேச்சை நிறுத்தும். மூன்று விநாடி பேச்சு இல்லையென்றால் மென்பொருள் இணைப்பு அறுந்ததாக முடிவு செய்து சைரனை முடுக்கும். எல்லா அறையிலிருந்தும் எல்லாரும் வெளியே வந்துவிட வேண்டும். ஆனால் இழையைக் கடிக்க அணில்களும் இருந்தன. ஒரு நாளைக்கு நான்கு தடவை சைரன். நான்கு தடவையும் நூற்றுச் சொச்சம் பேர், அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, வெயிலில் வரிசை. சீசன் நேரத்தில், முடித்த குரோசுக்குத்தான், பன்னிரண்டு டஜனுக்கு இவ்வளவு என்றுதான், கூலி.

“அணிலு கடிச்சதுக்கெல்லாம் நாங்க வெயில்ல நிக்கணுமாண்ணே?” என்றாள் செல்வலட்சுமி. “அதுக்கும் ஒரு அட்டையப் போட்டுக் குடுத்துருங்க. வரிசையில எங்களுக்கு முன்னாடி வந்து நிக்கட்டும்.”

வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். பிறகு அவள் திரையைப் பார்த்து, இதில் எது நான் என்று கேட்டாள். வெள்ளி விரலை நீட்டி, பதினேழின் பச்சைப் புள்ளியில் வைத்து, ஒவ்வோர் எழுத்தாக விரலை நகர்த்தி அந்த வரியைப் படித்தாள். அவள் அப்படித்தான் படிப்பாள். தூரம் என்ற இடத்தில் அறுநூறு என்று இருந்தது. அது என்ன கணக்கு என்று கேட்டாள். இருபது சென்டிமீட்டரை அவன் விரலை விரித்துக் காட்டினான்.

“ஒரு சாண்ணு சொல்லுங்க. அப்ப நான் உங்களுக்கு அறுநூறு சாணு தள்ளி உக்காந்துருக்கேன். நான் இங்கன வந்தா இது கொறையுமா?”

பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றித் தூக்கிக்கொண்டு வந்தால்தான் குறையும் என்றான்.

“ஒரு நாளைக்குத் தூக்கிட்டு வாறேன்” என்று சிரித்துவிட்டுப் போனாள். மேசை விளிம்பில் அவள் விரல் பட்ட இடம் பளபளத்தது. அவன் அதைத் துடைக்கவில்லை.

அன்று சாயங்காலம் மூன்றை முந்நூறாக மாற்றினான். இரண்டு சைபர். இனி ஐந்து நிமிஷம் பேச்சு நின்றால்தான் சைரன். அணில் கடித்ததை அதற்குள் ஓடிப்போய்ச் சரிபார்த்துவிடலாம் என்று கணக்கு.

ஒன்பது நாளுக்கு முன், காலை பதினொன்று முப்பத்தேழுக்குப் பதினேழாம் அறைக்குப் பின்னால் இழை உருகியது. மற்ற மூன்று பேரும் டீ குடிக்க வெளியே போயிருந்தார்கள். இன்னும் கொஞ்சம் அடைத்துவிடலாம் என்று செல்வலட்சுமி மட்டும் உள்ளே இருந்தாள். பதினொன்று நாற்பத்திரண்டுக்கு, முந்நூறு விநாடி முடிவதற்கு ஆறு விநாடி இருக்கும்போது, அறை வெடித்தது.

நாளைக் காலை பத்து மணிக்கு விசாரணை அதிகாரி வந்து இந்தக் கணினியை எடுத்துக்கொண்டு போவார். முந்நூறு என்ற எண்ணை யார் எழுதியது என்று அவர் கேட்பார். இன்று காலையில் போர்மேன் முனியராஜ், அதற்குள் என்ன செய்ய வேண்டும் என்று சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் நிறுத்தி, தோளில் கைபோட்டு, மெதுவாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

“ரெண்டு சைபர் தம்பி. அத எடுத்துருங்க. பதினொண்ணு முப்பத்தேழுக்குச் சைரன் அடிச்சுச்சுன்னு ஒரு வரியச் சேத்துருங்க. சைரன் அடிச்சும் அந்தப் பிள்ளைதான் வெளிய வரலேன்னு ஆயிரும். உங்களையும் கேக்க மாட்டாக, எங்களையும் கேக்க மாட்டாக.”

“அவுக வீட்டுக்கு நஷ்டஈடு வராதே அண்ணாச்சி” என்றான் தவுபிக்.

“போன பிள்ளைக்கு இனிமே என்ன, வலிக்கவா போகுது? நீங்க உள்ள போனா உங்கம்மாவ யாரு பாப்பா?”

அதற்காகத்தான் வந்திருந்தான். பத்து நிமிஷ வேலை.

இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு. இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. சைபர்.

இந்தத் தடவை கண்ணைச் சிமிட்டவில்லை. அவன் பழைய பதிவுகளைத் திறந்து கீழிருந்து மேலே நகர்த்தினான். ஒன்பது நாளும், இரவும் பகலும், ஒவ்வொரு தடவையும் முந்நூற்றுக்கு ஒரு விநாடி முன்பாகப் பதினேழிலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை. அதனால்தான் அந்த அறை வெடித்துப் போன பிறகும் மென்பொருள் அதன் இணைப்பு அறுந்ததாகச் சொல்லவே இல்லை. அதனால்தான் சைரன் இன்றுவரை அடிக்கவே இல்லை. ஒவ்வொரு செய்தியோடும், அனுப்பிய கடிகாரம் தன் நேரத்தையும் எழுதி அனுப்பும். எல்லாவற்றிலும் ஒரே தேதி, ஒரே நேரம். ஒன்பது நாளுக்கு முந்தைய காலை, 11.37.08.

காரணம் இருக்கும். எதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்பதுதான் அவனுக்கு இந்த வேலையில் பிடித்ததே. உடைந்த கண்ணாடி முனை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், கிணற்றுக்குள் கத்தினால் நம் குரலே திரும்புவதுபோல. ஆனால் அப்படித் திரும்பும் செய்தியில் தலைமைக் கடிகாரத்தின் அடையாள எண்தான் இருக்கும், பதினேழின் எண் இருக்காது. பக்கத்து அறையின் இழையை மாற்றிச் செருகியிருப்பார்களோ என்று எழுந்து போய், மூலையில் இருந்த இரும்புச் சட்டத்தில் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான். பதினாறு. பதினேழு. பதினெட்டு. எல்லாம் அவன் கையெழுத்தில், சரியான இடத்தில்.

பதினேழின் இழையைப் பிடுங்கினான். மஞ்சள் உறைக்குள் முடி போன்ற கண்ணாடி. பழக்கத்தில், அதன் முனையை இடது உள்ளங்கைக்கு நேராகப் பிடித்தான். உயிருள்ள இழையானால் தோலில் ஒரு கடுகளவு சிவப்பு விழும். எதுவும் விழவில்லை. செத்த இழை. அவன் மூச்சு விட்டான். சந்தேகம் தீர இன்னும் கொஞ்சம் பார்க்கலாம் என்று நின்றான். வெளியே வேப்பமரத்தில் மைனாக்கள் அடங்கும் சத்தம் குறைந்துகொண்டே வந்து நின்றுபோனது. ஏதோ ஓர் அறையின் வாசலில் தொங்கும் மணல் வாளியின் கைப்பிடி காற்றில் ஒரு முறை கிணுங்கியது. திரையில் எண் ஏறிக்கொண்டிருந்தது. இருநூற்றுத் தொண்ணூறு. இருநூற்றுத் தொண்ணூற்றைந்து.

இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது.

உள்ளங்கையில் ஒரு சிவப்புப் புள்ளி விழுந்து அணைந்தது.

திரையில் சைபர்.

இழையின் இந்த முனை அவன் கையில் இருந்தது. மறுமுனை கரிந்த தரையில். அவன் அதை மெல்ல, எதையும் எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல, தரையில் வைத்தான். உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தான். வேலையை முடித்துவிட்டுப் போய்விட வேண்டும். ஏழு மணிக்குப் பெத்தணன் வருவார். வடை வாங்கி வருவார். இரண்டு பேரும் கேட்டில் நின்று தின்னலாம்.

உட்கார்ந்தான். இரண்டு சைபர்களை அழித்தான். 3 என்று நின்றது. பதிவேட்டில் அந்த நாளின் பக்கத்தைத் திறந்து, ஒரு வரி எழுதினான்.

11.37 — அறை 17 இணைப்பு அறுந்தது. சைரன் ஒலித்தது.

அதற்கு அடுத்து, அவள் வரவில்லை என்று ஒரு வரி எழுத வேண்டும். முதலில் இதைச் சேமிக்கலாம் என்று பொத்தானை அழுத்தினான்.

மென்பொருள் ஒரு முறை அணைந்து எழுந்தது. மூன்று விநாடி ஆயிற்று.

கூரையின் மேல் சைரன் அலறியது.

அவன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தான். சைரனின் இணைப்பைக் கழற்றி வைக்க மறந்துவிட்டான், அவ்வளவுதான். மூன்று விநாடி பதினேழு பேசவில்லை, மென்பொருள் சைரனை முடுக்கிவிட்டது. இதற்கு விளக்கம் உண்டு. ஆளில்லாத இருபத்து மூன்று அறைகளின் மேலும், ஒன்பது நாள் பிந்தி, அந்தச் சத்தம் ஏறி இறங்கிப் போய்க் கருவேலங்காட்டில் முட்டித் திரும்பியது. சுவரில் அவன் தட்டச்சு செய்து ஒட்டிய அறிவிப்பு காற்றில் படபடத்தது. சைரன் ஒலித்தால் கையில் உள்ளதைக் கீழே வைக்கவும். ஓடக் கூடாது, நடந்து வரவும். அலுவலக வாசலில் அட்டையைக் காட்டி வரிசையில் நிற்கவும். சைரன் நின்றதும் அவரவர் அறைக்குத் திரும்பவும்.

திரையில் பதினேழு பச்சையானது.

இப்போது விநாடிக்கு ஒரு செய்தி. நேரம் 11.37.12. அடுத்து 11.37.13. ஒன்பது நாளாக நின்றிருந்த நேரம் ஓடத் தொடங்கியிருந்தது.

தூரம் 600.

595.

590.

அவனுக்கு உடனே புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம். விநாடிக்கு ஐந்து சாண், ஒரு மீட்டர். மனிதர் நடக்கும் வேகம். அறிவிப்பில் சொன்ன வேகம்.

ஜன்னலைப் பார்த்தான். அறைகளுக்கு நடுவே வரும் மண்பாதை சாம்பல் நிறத்தில் கிடந்தது. யாரும் இல்லை. ஆனால் பாதையோரம், தூரத்து வேப்பமரத்திலிருந்து மைனாக்கள் கலைந்து எழுந்தன. அவை அடங்குமுன் அடுத்த மரம் கலைந்தது. சைரனின் சத்தம் தாழும் ஒவ்வோர் இடைவெளியிலும் ஒரு மணல் வாளி கிணுங்கியது. பதினான்காம் அறைப் பக்கம். பிறகு பதினொன்று. பிறகு எட்டு.

310. 305. 300.

எழுந்து கதவைத் தாழிட்டான். திரும்பி வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தான்.

120.

வாளி, நாலாம் அறையில்.

60.

வாளி இல்லை. பாதையில் சரளை இல்லை. வெறும் மண். வெறுங்கால் வைத்தால் சத்தம் கேட்காது.

20.

15.

எண் நின்றது. பதினைந்து சாண். அவன் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து கதவுக்குப் பதினைந்து சாண்.

வெளிச்சுவரில், அட்டை காட்டும் இயந்திரம் கீ என்றது.

அட்டை பதிவானால் திரையில் பெயர் வரும். வந்தது. செல்வலட்சுமி. அறை 17. நேரம் 11.39.

அவ்வளவுதான். கதவைத் தட்டவில்லை. கூப்பிடவில்லை. வரிசையில் நிற்பவர்கள் அப்படித்தான் நிற்பார்கள், பேசாமல், தங்களை எண்ணி முடிக்கும்வரை. அவள் மட்டும் எப்போதும் ஏதாவது சொல்லிச் சிரிப்பாள். சைரன் அலறிக்கொண்டே இருந்தது. கதவின் அடி இடுக்கில், பல்பின் வெளிச்சத்தில், மெல்லிய வெள்ளித்தூள் உள்ளே வந்து படிந்தது. சூடான வாடை. எண் பதினைந்திலேயே இருந்தது. பதினைந்து. பதினைந்து.

அவனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. மேசைக்கு அருகே சுவரில் இருந்த சிவப்பு விசையைக் கீழே தட்டினான்.

சைரன் நின்றது.

அப்படியொரு அமைதி. அந்த அமைதியில்தான் அறிவிப்பின் கடைசி வரி அவன் கண்ணில் பட்டது. சைரன் நின்றதும் அவரவர் அறைக்குத் திரும்பவும்.

20.

25.

அவள் திரும்பிப் போய்க்கொண்டிருந்தாள்.

11.39.52 என்றது அவள் கடிகாரம். நாலாம் அறையில் வாளி கிணுங்கியது. விநாடிக்கு ஐந்து சாண், ஓடாமல், சொன்னபடி. அறுநூறு சாணைக் கடக்க இரண்டு நிமிஷம். 11.41.50க்கு அறைக்குள் இருப்பாள். அவன் மனம் இந்தக் கணக்கைத் தானாகவே போட்டு முடித்தது. கணக்கு எப்போதும் அவனுக்குச் சுலபம்.

விசை அவன் விரலடியில் இருந்தது. மேலே தட்டினால் போதும். சைரன் ஒலிக்கும், அவள் நிற்பாள், திரும்புவாள். திரும்பினால் மறுபடி இந்தக் கதவுக்கு வருவாள்.

200. 205.

வெறும் எண்கள்தாம் என்று சொல்லிக்கொண்டான். இழை பிடுங்கிக் கிடக்கிறது, பெட்டி உருகிப்போனது, இது ஏதோ பழுது. நாளைக்கு யோசித்தால் காரணம் தெரியும்.

400.

பதினான்காம் அறையில் வாளி.

ஒரு தடவை விரலை உயர்த்தினான். கதவின் அடியில் படிந்திருந்த வெள்ளித்தூளைப் பார்த்தான். விரல் அப்படியே நின்றது.

590. 595.

600.

11.41.50.

கையை விசையிலிருந்து எடுத்து, இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டான். 11.41.55. உட்கார்ந்திருப்பாள். 11.41.58. மருந்துத் தட்டை மடியருகே இழுத்திருப்பாள். 11.42.00.

11.42.01.

ஜன்னல் வெள்ளையானது. சத்தமே இல்லை. ஜன்னல் கம்பிகளின் நிழல் சுவர் முழுவதும் எழுந்து, அறிவிப்பின் மேல் ஓடி, மறைந்தது. எங்கோ மேலே, கூரைத் தகடு ஒன்று காற்றில் புரண்டு புரண்டு போகும் ஓசை மட்டும், வேலிக்கு அப்பால்.

பதினேழு கறுத்தது. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது விநாடியில் திரை சொன்னது: அறை 17, இணைப்பு அறுந்தது.

விசை கீழே இருந்ததால் சைரன் அடிக்கவில்லை. மென்பொருள் சரியாக வேலை செய்தது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தான் என்று தெரியவில்லை. வெளியே முழுக்க இருட்டிவிட்டது. கேட் பக்கம் சத்தம் இல்லை. பெத்தணன் வரவில்லை. அறையில் வாடை மாறியிருந்தது. கரிந்த முடி. தேங்காயெண்ணெய். அவன் வாயிலிருந்து கைகளை எடுத்து மேசைமேல் வைத்தான்.

பதினேழு பச்சையானது.

செய்தியில் நேரம் இல்லை. அந்த இடம் காலி. தூரம் மட்டும் இருந்தது.

1.

அவன் திரும்பவில்லை. வலது காதுக்குப் பக்கத்தில் சூடு. அடுப்பங்கரையின் சூடு. மூச்சு இல்லை. அவனுடையதும் இல்லை.

அவன் தோளுக்கு மேலாக ஒரு விரல் நீண்டு திரைக்கு வந்தது. நகம் வரை வெள்ளி. அது பதினேழின் பச்சைப் புள்ளியைத் தொட்டது. அங்கே ஒரு தடம் விட்டது. பிறகு கீழே இறங்கி, அவன் எழுதிய வரியைக் கண்டுபிடித்து, அதன் முதல் எழுத்துக்கு அடியில் நின்றது.

ஒவ்வோர் எழுத்தாக நகர்ந்தது. அவசரம் இல்லை. அறை. பதினேழு. இணைப்பு. அறுந்தது. சைரன் என்ற சொல்லில் கொஞ்சம் தங்கியது. ஒலித்தது என்பதை முடித்தது.

வரியின் கடைசியில், அடுத்த எழுத்துக்காக விட்டு விட்டுத் துடிக்கும் சின்னக் கோட்டின் அருகில், அந்த விரல் நின்றது. அவன் எழுதாமல் விட்ட அடுத்த வரிக்காக.